டிசம்பரின் முதல் சனிக்கிழமை

எங்கள் ஊரில் செப்டம்பர் தொடங்கி நவம்பர் முடியும்வரை கல்லூரி அணிகள் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் சனிக்கிழமைகளில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. எங்கேயும் எழுதிவைத்த சட்டம் அல்ல. ஆனால் பாஸ்டரிலிருந்து கேக் செய்கிறவர்வரை எல்லோருக்கும் தெரியும். என் சித்தப்பா மகள் ஒருத்தி பிடிவாதமாக அக்டோபரில் வைத்துக்கொண்டாள். அவள் பீடத்தின் முன் நின்று உறுதிமொழி சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் யாரோ "அடச்சே" என்றார்கள். காதில் ஆட்டத்தின் வர்ணனையைக் கேட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேர் ஒரே நேரத்தில் தலையில் கை வைத்தார்கள். கல்யாண வீடியோவில் அது அப்படியே இருக்கிறது.

அதனால் என் அக்கா லேனி நன்றாக யோசித்துத்தான் நாள் பார்த்தாள். அவள் கட்டிக்கொள்ளப்போகிற கோல்பிக்கு மின்சாரக் கம்பெனியில் கம்பம் ஏறுகிற வேலை. புயல் காலம் நவம்பரோடு முடிகிறது. அதற்கு முன் அவனுக்கு எந்த நாளும் நிச்சயமில்லை. கடற்கரையில் எங்கே காற்றடித்தாலும் லாரியோடு கிளம்பிவிட வேண்டும். டிசம்பர் இரண்டாவது வாரம் வந்தால் சர்ச் மேடையில் குழந்தைகளின் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு மாட்டுத்தொழுவம் அடித்து நிறுத்திவிடுவார்கள். ஜனவரியில் கோல்பிக்குக் கொலராடோவில் புது வேலை. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சியது ஒரே ஒரு சனிக்கிழமைதான். டிசம்பரின் முதல் சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமையிலும் ஓர் ஆட்டம் இருக்கிறது. எங்கள் கான்ஃபரன்ஸில், அதாவது எங்கள் வட்டாரக் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பில், முதல் இரண்டு இடம் பிடித்த கல்லூரிகள் அன்றைக்குப் பட்டத்துக்காக அட்லாண்டாவில் மோதும். எங்கள் ஊரில் அந்த ஆட்டத்துக்குப் பெயரே அட்லாண்டாதான். லேனி அதை மறந்துவிட்டாள் என்று பிறகு சிலர் சொன்னார்கள். அவள் மறக்கவில்லை. எங்கள் அணி இருந்த இருப்பில் அட்லாண்டா ஒரு தடையாக வரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

எங்கள் அணி என்றால் அப்பாவின் அணி. அப்பா ராய்ஸ் ப்லெட்சோ டயர் கடை வைத்திருக்கிறார். நான் பகலில் அங்கே பில் போடுகிறேன். அவர் கஹாபா பல்கலைக்கழகத்தில் ஒரு நாள்கூடப் படித்ததில்லை. ஆனால் "நாங்க ஜெயிச்சோம்", "எங்க முன்வரிசை சரியில்ல" என்றுதான் பேசுவார். கஹாபாவின் சின்னம் கொக்கு. கோல்பியின் அப்பா ஹோலிஸ் டேட்டம் மெரிவெதர் கல்லூரியின் ஆள். அங்கே இரண்டு வருடம் படித்துவிட்டுப் பாதியில் வந்தவர். மெரிவெதரின் சின்னம் கோவேறு கழுதை. அப்பாவும் அவரும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக இருக்கிறவர்கள். ஒருவர் வீட்டுக் கூரை ஒழுகினால் மற்றவர் ஏணியோடு வந்துவிடுவார். வந்து, ஏணியில் நின்றுகொண்டே கொக்கையும் கழுதையையும் திட்டிக்கொள்வார்கள்.

ஏப்ரலில், கஹாபா இரண்டாகப் பிரிந்து தனக்குள்ளேயே ஆடும் பயிற்சி ஆட்டம் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் ஹோலிஸும் கோல்பியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அப்பா விடியற்காலையிலேயே பன்றியின் தோள்கறியைப் புகையடுப்பில் ஏற்றியிருந்தார். பின்கட்டு மேசையில் அம்மா கோஸ் கூட்டும், வெண்டைக்காய் ஊறுகாயும், இனிப்புத் தேநீரும் கொண்டுவந்து வைத்தாள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு லேனி எழுந்து நின்றாள்.

"நாள் முடிவு பண்ணிட்டோம். டிசம்பர் முதல் சனிக்கிழமை."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா இறைச்சியைப் பிய்த்துக்கொண்டே, "ரொம்ப நல்லதும்மா" என்றார். இதைப் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். அவர் முதலில் சொன்னது அதுதான். நிச்சயமாகச் சொன்னார்.

"ராய்ஸுக்கு வசதியான நாளாச்சே," என்றார் ஹோலிஸ். "கொக்கு தோத்து, அக்டோபர்லேருந்தே சும்மாதான் உக்காந்திருப்பான்."

அப்பா கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தார். "எந்தச் சனிக்கிழமைன்ன?"

"முதல் சனிக்கிழமைப்பா."

"அது அட்லாண்டா."

"ஆமா. அட்லாண்டா அது பாட்டுக்கு அங்க இருக்கும். நீ இங்க இருப்ப," என்றார் ஹோலிஸ்.

"இந்த வருஷம் பாருய்யா. புதுக் கோச் வந்திருக்காரு."

"போன வருஷமும் புதுக் கோச்தான். அதுக்கு முந்தின வருஷமும். கஹாபாவுல கோச்சுக்கு வீடு விக்கறதில்லையாம், மாச வாடகைக்குத்தான் விடறாங்களாம்."

"நேத்து வந்து பாத்தியா நீ? எங்க குவார்ட்டர்பேக் பந்த அம்பது கஜம் எறிஞ்சான். என் கண்ணால பாத்தேன்."

"யார்கிட்ட எறிஞ்சான்?"

அப்பா தேநீரை எடுத்துக் குடித்தார்.

"ஓரமா நின்ன பேண்டு வாத்தியக்காரப் பொண்ணு பிடிச்சாளாம். கொக்கு கொக்கோடவே விளையாடி, அதுலயும் தோத்துடுச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு."

கோல்பி சிரித்துவிட்டு, லேனியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"பயிற்சி ஆட்டத்துல என்ன தெரியும்?" என்றார் அப்பா. "பையன்கிட்ட கை இருக்கு."

"கை இருக்கு, ஒத்துக்கறேன். எறியறதுக்கு நேரம் வேணாமா? அவனக் காப்பாத்த முன்னால நின்ன அஞ்சு பேர்ல மூணு பேர் வேற காலேஜுக்குப் போயிட்டானுங்க. இப்ப நிக்கறவனுங்க கதவு மாதிரி. நல்லா எண்ணெய் போட்ட கதவு."

"கழுதை மட்டும் என்ன கிழிச்சுது? ஓடறது ஒரே ஓட்டம். அதுவும் இடது பக்கம். எதிராளிக்கு மட்டுமில்ல, பாப்கார்ன் விக்கறவனுக்கே தெரியும் அடுத்ததும் இடது பக்கம்தான்னு. வலது பக்கம்னு ஒண்ணு இருக்குன்னு உங்க கோச்சுக்கு யாராவது ஒரு கார்டு போட்டா என்ன?"

"இடது பக்கமே ஓடித்தான் போன நவம்பர்ல உங்களத் தோக்கடிச்சோம்."

"மழை பெஞ்சுது."

"எங்களுக்கும்தான் பெஞ்சுது."

அம்மா ரொட்டித் தட்டை இருவருக்கும் நடுவில் வைத்தாள். "சாப்பிடற வாய்க்கு இதாவது உதவட்டும்," என்றாள். இருவரும் எடுத்துக்கொண்டார்கள். அத்தோடு முடிந்திருக்கும். இந்த மாதிரிப் பேச்சு எங்கள் வீட்டில் ஆயிரம் தடவை முடிந்திருக்கிறது. ஆனால் ஹோலிஸுக்கு அன்றைக்கு நல்ல மூடு. அவர் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சொன்னார்:

"சரி, சம்பந்தியாகப் போறவங்க, சண்டை எதுக்கு? ஒரே ஒரு வார்த்தை போதும். 'கஹாபா இந்த வருஷம் அட்லாண்டா போகாது'ன்னு உன் வாயால சொல்லு. தேதி முடிஞ்சுது. நான் மேல ஒண்ணும் பேச மாட்டேன்."

"நான் ஏன் சொல்லணும்?"

"அப்ப போவீங்கன்னு சொல்ற. போவீங்கன்னா பொண்ணு கல்யாணத்துக்கு எப்படி வருவ?"

லேனி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். "அப்பா, நீங்க அதெல்லாம் சொல்ல வேணாம். சரின்னு மட்டும் சொல்லுங்க."

ஒரு நிமிடம் முன்பு அந்தச் 'சரி' ஒரு சாதாரண வார்த்தை. இப்போது அதைச் சொன்னால் வேறு அர்த்தம். ஏப்ரல் மாதத்திலேயே, ஒரு பந்துகூட உதைபடுவதற்கு முன்னால், ராய்ஸ் ப்லெட்சோ கொக்கைக் கைவிட்டுவிட்டான் என்று அர்த்தம். அப்பா ஹோலிஸின் முகத்தைப் பார்த்தார். அதில் சிரிப்பு தயாராக இருந்தது.

"வேற வாரம் ஏதும் இல்லையாம்மா?" என்று கேட்டார்.

லேனி ஹோலிஸ் பக்கம் திரும்பினாள். "மிஸ்டர் ஹோலிஸ், மெரிவெதர் அட்லாண்டா போனா நீங்க எங்க கல்யாணத்துக்கு வருவீங்களா?"

அவர் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். "நானா? அது... அப்படி ஒண்ணு வந்தா பாத்துக்கலாம்மா."

"அப்பா," என்றான் கோல்பி.

"வருவேன்டா. வராம இருப்பனா? ஆனா நாங்க இந்த வருஷம் நெஜமாவே போவோம். அதான் சிக்கல்."

லேனி காலித் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவை ஒன்றும் காலியாக இல்லை. என் தட்டில் பாதிச் சாப்பாடு இருந்தது.

அதன் பிறகு சில வாரங்கள் அப்பா புதுப்புது வழிகள் கண்டுபிடித்தார். கல்யாணத்தைக் காலை எட்டு மணிக்கு வைத்தால் என்ன? ஒன்பதரைக்குக் கேக் வெட்டி, பத்துக்குக் கிளம்பினால் அட்லாண்டா போய்விடலாம். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதைச் சேர்த்தே கணக்குப் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால்? அன்றைக்கு உயர்நிலைப் பள்ளிகளின் மாநில இறுதி ஆட்டம், பாஸ்டரின் மகன் ஆடினாலும் ஆடுவான் என்று அவரே அதைத் தள்ளுபடி செய்தார். நவம்பர் நடுவில் நிலவரம் தெரிந்துவிடும், அப்போது அழைப்பிதழ் அடித்தால் போதாதா என்று ஒரு நாள் கேட்டார்.

"உன்னை நான் ஜூன் மாசத்துல கட்டிக்கிட்டேன், ராய்ஸ்," என்றாள் அம்மா. "ஏன் அந்த வெயில்ல வெச்சன்னு இத்தனை நாள் கழிச்சு இப்பதான் புரியுது."

அந்த நாட்களில் என் கார் ரிப்பேரில் இருந்தது. சாயங்கால வகுப்புக்கு அப்பாதான் என்னைத் தன் பிக்கப்பில் கொண்டுபோய் விடுவார். ஒரு செவ்வாய்க்கிழமை ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. நீளமான சரக்கு ரயில். அப்பா ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு, ரயிலைப் பார்த்தபடியே பேசினார்.

"டெஸ், உண்மையச் சொல்லட்டுமா? இந்த வருஷம் பன்னெண்டுல நாலு ஆட்டம் ஜெயிச்சாலே பெரிசு."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தப் பையன் பின்காலை ஊன்றிக்கிட்டு எறியறான். பயப்படறான். முன்னால நிக்கற பசங்களுக்கு இன்னும் மீசைகூட சரியா வரல. சீசன் தொடங்கி மூணே வாரத்துல ஜார்ஜியாவுக்குப் போய் அடிவாங்கப் போறாங்க. எனக்குத் தெரியாதா?"

"அப்ப அக்காகிட்ட சரின்னு சொல்லிடுங்களேன்ப்பா."

"சொல்லலாம்." ரயில் போய்க்கொண்டே இருந்தது. "சொன்னா அன்னிக்கே ஹோலிஸுக்குப் போயிடும். அவன் விட மாட்டான். கடைக்கு வர்றவன் ஒவ்வொருத்தனும் டயர மாட்டறதுக்கு முன்னால அதத்தான் கேப்பான். ராய்ஸே நம்பிக்கைய விட்டுட்டானாமேன்னு."

"கேட்டா கேக்கட்டுமே."

"நாமளே நம்பலன்னா அந்தப் பசங்க யாருக்காகம்மா ஆடறாங்க?"

அதில் ஏதோ ஒரு நியாயம் இருப்பதுபோலவும், லேனியின் முன்னால் நின்றால் அந்த நியாயம் நிற்காது என்பதுபோலவும் பட்டது. கேட் திறந்தது. வகுப்புக்குத் தாமதமாகிவிட்டது.

மறுநாள் காலை லேனியிடம் சொன்னேன். அவள் நர்சிங் உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கே நம்பிக்கை இல்லை, ஹோலிஸுக்கு முன்னால் சொல்ல முடியாமல்தான் தயங்குகிறார், நீ அந்தத் தேதியையே வைத்துக்கொள், அன்றைக்கு அவர் எங்கேயும் போகப்போவதில்லை என்று வரிசையாகச் சொன்னேன். அவள் காலரை மடித்து இன்னொரு தடவை தேய்த்தாள்.

"உன்கிட்ட சொன்னாரா?"

"ஆமா."

"என்கிட்ட சொல்லலையே."

"சொல்லத்தான் நினைக்கறாரு, லேனி."

"கொக்கு தோத்து, வேற போக இடமில்லாம அவர் என் கல்யாணத்துக்கு வர்றதா? எனக்கு அது வேணாம். ஜெயிச்சாலும் வருவேன்னு சொல்லட்டும். அதுகூட வேணாம். சரின்னு சொல்லட்டும், போதும்."

அந்தத் தேதியில் வேறு ஒரு ஜோடியும் சர்ச் வேண்டுமென்று கேட்டிருந்தது. மே மாத முடிவுக்குள் உறுதி சொல்லும்படி பாஸ்டர் சொல்லியிருந்தார்.

புதன்கிழமைகளில் எங்கள் சர்ச் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். மே கடைசிப் புதனன்று பொரித்த கோழியும் பச்சை பீன்ஸும். நீள மேசையில் அப்பா, எதிரே லேனியும் கோல்பியும், இரண்டு நாற்காலி தள்ளி ஹோலிஸ். மேசையில் மற்றவர்கள் பாதிப் பேர் கொக்கு, பாதிப் பேர் கழுதை. பாஸ்டர் தட்டோடு வந்து லேனியின் தோளைத் தட்டினார்.

"ராய்ஸ், பொண்ணுக்கு நாள் உறுதிதானே? நான் அவங்களுக்குப் பதில் சொல்லணும்."

அப்பா துணியால் கையைத் துடைத்தார். மேசையில் பேச்சு குறைந்தது. அவர் லேனியைப் பார்த்தார். எதிர் வரிசையில் இருந்ததால் எனக்கு அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. சொல்லிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். உதடு பிரிந்தது.

ஹோலிஸ் பீன்ஸிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "சொல்லு, ராய்ஸ். கொக்கு இந்த வருஷம் பறக்காதுன்னு ஒரு தடவை சொல்லிடு. சாட்சிக்குச் சபையே உக்காந்திருக்கு."

மேசை முழுவதும் சிரித்தது. கெட்ட சிரிப்பு அல்ல. எங்கள் ஊரில் எல்லோரும் சிரிக்கிற சிரிப்புதான். கொக்கு ஆட்களும் சிரித்தார்கள். ஆனால் சிரித்துக்கொண்டே அப்பாவை ஒரு மாதிரி பார்த்தார்கள், நம்மைக் காட்டிக்கொடுத்துவிடாதே என்பதுபோல.

"செப்டம்பர் வரட்டும், அப்ப பேசலாம்," என்றார் அப்பா. அவரும் சிரித்தார்.

லேனி ஒரு துண்டு ரொட்டியை முழுவதுமாகச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு பாஸ்டரிடம், "அந்தத் தேதிய அவங்களுக்கே குடுத்துடுங்க, பாஸ்டர்," என்றாள். சாதாரணக் குரலில்தான் சொன்னாள். கோல்பி அவளைப் பார்த்தான். பாஸ்டர் அப்பாவைப் பார்த்தார். யாரோ சோளரொட்டியைக் கேட்டார்கள், தட்டு கைமாறியது.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பாவுக்கு முகம் தெளிந்திருந்தது. சிக்கல் தீர்ந்துவிட்டதாகவே அவர் நினைத்தார் என்று எண்ணுகிறேன். ஜனவரிக்கு முன்னால் வேறு ஏதாவது நாள் அமையும், சர்ச் இல்லாவிட்டால் நம் பின்கட்டிலேயே பந்தல் போடலாம், பன்றி இரண்டு வைக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். எனக்கு வகுப்பு விடுமுறை. சமைக்க முடியாத வெயில் என்பதால் அம்மா தக்காளி சாண்ட்விச் செய்துகொண்டிருந்தாள். அப்பா தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார். லேனி வேலை உடுப்போடு வந்தாள். பின்னால் கோல்பி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"நாங்க இன்னிக்கு மத்தியானம் கல்யாணம் பண்ணிக்கிட்டோம்," என்றாள் லேனி.

எங்கள் மாநிலத்தில் இப்போது அதற்குப் பாஸ்டர் வேண்டாம், உறுதிமொழிகூட வேண்டாம். ஒரு படிவத்தை நிரப்பி, நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு, கோர்ட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டால் போதும். நோட்டரி அவள் ஆஸ்பத்திரியிலேயே ஒரு பெண்மணி.

அம்மா போய் லேனியைக் கட்டிக்கொண்டாள், பிறகு கோல்பியை. பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்பா கத்தியை வைக்கவில்லை. "உன் கையப் பிடிச்சு யாரு கூட்டிட்டு நடந்தது?" என்று கேட்டார். சர்ச் கல்யாணத்தில் அது பெண்ணின் அப்பா செய்வது. அவர் எதற்கு முதலில் அதைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"யாரும் நடக்கலப்பா. கோர்ட்டுல அது ஒரு ஜன்னல். பேப்பர நீட்டினோம். அந்தம்மா முத்திரை குத்திட்டு அடுத்ததுன்னாங்க."

"சொல்லியிருந்தா வந்திருப்பேனேம்மா."

"வருவீங்கன்னு தெரியும். வியாழக்கிழமை ஆட்டம் கிடையாது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அப்பா ஏதாவது பதில் சொல்லியிருப்பார். அவர் தக்காளித் துண்டுகளை ரொட்டியில் ஒவ்வொன்றாக அடுக்கி, உப்பும் மிளகும் போட்டு, மேலே இன்னொரு ரொட்டி வைத்து, தட்டை லேனியிடமும் கோல்பியிடமும் நீட்டினார். அவர்கள் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். அவள் கல்யாண விருந்து அதுதான்.

மறுநாள் கடை திறந்த சிறிது நேரத்தில் ஹோலிஸ் வந்தார். அவர் வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா ஒரு சக்கரத்தில் நட்டு இறுக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் நேத்து ராத்திரிதான் சொன்னான்," என்றார் ஹோலிஸ்.

"ம்."

"நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன், ராய்ஸ். தெரியுமில்ல?"

"தெரியும்."

"நீ சரின்னு சொல்லியிருந்தா ஒரு நாள் சிரிச்சுட்டு விட்டிருப்பேன்."

அப்பா நிமிர்ந்தார். "ஒரு நாளா?"

"சரி. ஒரு வருஷம்."

இருவரும் சிரிக்கவில்லை. ஹோலிஸ் சிறிது நேரம் சுவரில் மாட்டியிருந்த டயர் விளம்பரத்தைப் படித்தார். "என் பெண்டாட்டி இருந்திருந்தா அன்னிக்கே என் வாய அடைச்சிருப்பா," என்றார். பிறகு எழுந்து போனார்.

புதுக் கம்பெனிக்காரர்கள் கோல்பியை ஆகஸ்ட் கடைசியிலேயே வரச் சொல்லிவிட்டார்கள். ஆட்டங்கள் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, இழுவண்டியில் சாமான் ஏற்றினோம். லேனியின் கட்டில், தையல் மெஷின், சமையல் பெட்டிகள். ஹோலிஸ் ஒரு பக்கம் பட்டையை இறுக்கினார், அப்பா மறுபக்கம். காற்று சரியாக இருக்கிறதா என்று அப்பா எல்லா டயரையும் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். தெருவில் போன ஒருவர் வண்டியை மெதுவாக்கி, "ராய்ஸ், சனிக்கிழமை என்ன சொல்ற?" என்று கூவினார். அப்பா கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

லேனி அம்மாவிடமும் என்னிடமும் சொல்லிக்கொண்டு முன்னிருக்கையில் ஏறினாள். அப்பா ஜன்னலருகே போய் நின்றார். கதவின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டார்.

"லேனி."

"என்னப்பா."

"கஹாபா இந்த வருஷம் அட்லாண்டா போகாது."

வண்டியின் மறுபக்கம் நின்ற ஹோலிஸுக்கும் அது கேட்டது. கேட்கிற மாதிரிதான் அப்பா சொன்னார்.

"தெரியும்பா," என்றாள் லேனி.

"நாலு ஆட்டம்கூடத் தேறாது. எனக்கு ஏப்ரல்லயே தெரியும்."

"எனக்கும் தெரியும். அதனாலதான் அந்த நாள எடுத்தேன்."

அப்பாவின் கை கதவிலேயே இருந்தது. லேனி அதன்மேல் தன் கையைச் சிறிது நேரம் வைத்திருந்தாள். பிறகு, "கைய எடுங்கப்பா, கண்ணாடி ஏத்தணும். ஏசி போடணும்," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அவர் எடுத்துக்கொண்டார். கோல்பி வண்டியைக் கிளப்பினான். இழுவண்டி எங்கள் தபால்பெட்டியை உரசாமல் திரும்பி, தெருமுனையில் நின்று, வலது பக்கம் போனது.

அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பாவும் ஹோலிஸும் தெருவிலேயே நின்றார்கள். இத்தனை வருடமாக ஹோலிஸ் அப்பா வாயிலிருந்து வரவைக்கப் பார்த்த வார்த்தை அது. அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்யப் போகிறார் என்று நான் வாசற்படியில் நின்று பார்த்தேன்.

"அப்படிச் சொல்லாத, ராய்ஸ்," என்றார் ஹோலிஸ். "உங்க டிஃபென்ஸ் ஒண்ணும் மோசமில்ல. மொபீல் ஊர்லேருந்து வந்த பசங்க ரெண்டு பேர் நல்லா ஓடறானுங்களாம்."

அப்பா தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கும் பரவால்ல," என்றார். "அட்டவணை சுலபமா இருக்கு."

"அட்டவணை சுலபம்தான். ஆளுங்க வேணுமே."

"வந்துடுவாங்க."

"அஞ்சு ஜெயிப்பீங்க, ராய்ஸ். எழுதி வெச்சுக்கோ. ஆறுகூட இருக்கலாம்."

"ஆறெல்லாம் வேணாம்," என்றார் அப்பா.